சந்தையிலிருந்து வந்த கழுதைக்கு இருமல்

குதிரை, கழுதை, கோவேறு கழுதைகளுக்கு வரும் வைரஸ் நோய்கள் குறித்த கேள்விகளுக்கு, பல வருடம் லாயம் லாயமாகப் போய் ரத்த மாதிரி எடுத்த கால்நடை மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

டாக்டர் ஐயா, சந்தையில் வாங்கிய கழுதைக்கு வந்த மூன்றாம் நாளே வறட்டு இருமல். இப்போது பக்கத்தில் கட்டிய குதிரையும் இருமுகிறது. சாதாரண சளியா?

இவ்வளவு சீக்கிரம் தாவியிருக்கிறதென்றால் முதலில் குதிரை இன்ஃப்ளூயன்சாவைத்தான் சந்தேகிப்பேன். வைரஸ் உடம்புக்குள் போன ஒன்று முதல் மூன்று நாளில் காய்ச்சல் ஏறும். குதிரைக்கு 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. இந்த நோயில் 106 வரைகூடப் போகும். இரண்டையும் இன்றே தனியாகக் கட்டுங்கள். தண்ணீர் வாளி, துடைக்கிற துணி எதையும் மற்றவற்றோடு பகிர வேண்டாம். நல்லா இருக்கிற விலங்குகளை முதலில் கவனித்துவிட்டு, நோயுள்ளவற்றிடம் கடைசியாகப் போங்கள். மருத்துவரையும் இன்றே கூப்பிடுங்கள். காய்ச்சல் வந்த முதல் சில நாட்களில் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தால்தான் வைரஸ் பிடிபடும்.

பொதி ஏற்றவே கூடாது. காய்ச்சல் அடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு என்பது பழைய கணக்கு, நான் அதை இன்றும் சொல்வேன். கழுதைக்கு இந்த நோய் குதிரையைவிடக் கடுமையாக வரும். நிமோனியா பிடித்துக்கொண்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

எங்கள் குதிரைக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேட்கிறார்கள். ஏன்?

வைரஸை எதிர்க்க உடம்பே உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் முதல் மாதிரியில் தெரிந்தாலும், அது தடுப்பூசியாலா, பழைய தொற்றாலா, இப்போதைய நோயாலா என்று சொல்ல முடியாது. இரண்டாவதில் அது நான்கு மடங்காவது ஏறியிருந்தால், இப்போதுதான் தொற்றியது என்று உறுதி. தயவுசெய்து மறுக்காமல் கொடுங்கள்.

ஒரு இருமலுக்கு இவ்வளவு பதற்றம் தேவையா?

தேவைதான். 1987-க்குப் பிறகு இந்தியாவில் பெரிதாகத் தலைகாட்டாத குதிரை இன்ஃப்ளூயன்சா, 2008 ஜூனில் ஜம்முவின் கத்ராவில் தொடங்கியது. வைஷ்ணோ தேவி கோயிலுக்குப் பக்தர்களைச் சுமக்கும் விலங்குகள் நெருக்கியடித்து நிற்கிற இடம் அது. அங்கிருந்து பல மாநிலங்களுக்குப் பரவியது. 2025-இல் கேதார்நாத் யாத்திரைக்கு முன்பே, உத்தராகண்ட் அரசு சுமார் 16,000 விலங்குகளைப் பரிசோதித்தது. அப்படியும் மே மாதத் தொடக்கத்தில் இரண்டே நாளில் 14 விலங்குகள் இறந்து (காரணம் உடனே உறுதியாகவில்லை), அங்கே இந்த விலங்குகளின் போக்குவரத்தை 24 மணி நேரம் நிறுத்த வேண்டி வந்தது. பந்தயக் குதிரைக்குக் காய்ச்சல் என்றால் அன்றே ஆள் வருகிறார்கள். பொதிக் கழுதைக்கு யாரும் வெப்பமானி வைப்பதில்லை. என் மனதை உறுத்துவது இதுதான்.

குதிரை கொழுகொழுவென்று இருக்கிறது. வாங்குகிறவர் 'காகின்ஸ்' பரிசோதனைச் சான்று கேட்கிறாரே?

அவர் கேட்பது சரி. அது தொற்று ரத்தசோகைக்கான பரிசோதனை. ஒருமுறை வைரஸ் புகுந்தால் ஆயுளுக்கும் ரத்தத்திலேயே இருக்கும், குதிரை வெளியே நல்லாவே தெரியலாம். ரத்தம் குடிக்கும் பெரிய ஈக்களும், ஒரே ஊசியைப் பல குதிரைகளுக்குப் போடுவதும் இதைப் பரப்பும். மருந்தும் கிடையாது, நம் நாட்டில் தடுப்பூசியும் கிடையாது. அதனால் ஒரு குதிரைக்கு ஒரு ஊசி, இதில் சமரசமே வேண்டாம்.

தாய்லாந்தில் குதிரைகள் கொத்துக் கொத்தாகச் செத்தனவே, அது என்ன நோய்?

ஆப்பிரிக்கக் குதிரை நோய். 2020-இல் நாகோன் ராட்சசிமா மாகாணத்தில் தொடங்கி, 500-க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொன்றது. கொசுவைவிடச் சிறிய ஒருவகைக் கடிபூச்சி இதைக் கொண்டுபோகிறது. வரிக்குதிரைக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது, வைரஸ் மட்டும் ரத்தத்தில் ஓடும். கழுதையும் ஓரளவு தாங்கும், குதிரைதான் தாங்காது. 1960-இல் இந்தியாவுக்கும் வந்தது. பிறகு ஒழிந்து, 2014-இல் நோயற்ற நாடு என்ற சர்வதேச அங்கீகாரமும் கிடைத்தது. வெளிநாட்டு விலங்குகளைத் தனிமைப்படுத்திப் பரிசோதிக்காமல் உள்ளே விட்டால் அது கைநழுவிப் போகும்.

கழுதைதான் எங்களுக்குச் சோறு. நோய் என்று சொன்னால் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றுவிடுவார்களோ?

இன்ஃப்ளூயன்சாவுக்காகக் கொல்ல மாட்டார்கள் அம்மா. ஓய்வும் கவனிப்பும் இருந்தால் பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிடும். 2009-ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி இத்தகைய நோய்களைத் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. ஊராட்சியில் சொன்னாலும் போதும், அவர்கள் கால்நடை மருத்துவருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். மாதிரி ஹரியானாவில் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் வரைக்கும் போகலாம். முடிவு வரும்வரை கழுதையைச் சந்தைக்கு மட்டும் ஓட்டிப் போகாதீர்கள். காலையும் மாலையும் வெப்பம் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் வந்தால் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பேன், உங்கள் மருத்துவரும் அதைத்தான் கேட்பார்.