சர்ச்சைக்குரிய தலைவர் ஒருவரின் நடுநிலையான வாழ்க்கை வரலாற்றைப் படித்ததுண்டா? படித்தபின் உங்கள் கருத்து மாறியதா?

நெப்போலியனைப் பற்றி மூன்று புத்தகங்கள் படித்திருக்கிறேன். முதலாவது போற்றியது, இரண்டாவது தூற்றியது. மூன்றாவதுதான் நீங்கள் கேட்கிற வகை. அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அதனால் கருத்து மாறியதும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

அப்பாவுக்கு நெப்போலியன் என்றால் உயிர். நான் எட்டாவது படிக்கும்போது பேச்சுப் போட்டிக்கு அவர்தான் எழுதிக் கொடுத்தார். "முடியாது என்ற சொல்லே என் அகராதியில் இல்லை" என்று ஆரம்பித்து, வெள்ளைக் குதிரையில் ஆல்ப்ஸைத் தாண்டி, செயின்ட் ஹெலினா தீவில் கண்ணீரோடு முடியும். (ஆல்ப்ஸைத் தாண்டியது கோவேறு கழுதையில். வெள்ளைக் குதிரை ஓவியர் தாவீது வரைந்தது.) கல்லூரியில் ஒரு சீனியர் கொடுத்த புத்தகம் எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டது. அதில் அவர் ஒரு கொலைகாரர், வேறொன்றும் இல்லை. அதை வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் அப்பாவோடு மல்லுக்கு நின்று, இரண்டு வாரம் நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது அப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. அதனால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் நான் படிப்பேன், அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஆங்கிலத்தில் எண்ணூறு பக்கத்துக்கு மேல். படிக்கப் படிக்க வாயாலேயே தமிழாக்கிக்கொண்டு போனேன். அப்பா முப்பது வருடம் பத்திர எழுத்தராக இருந்தவர். தேதி இல்லாத பத்திரம் வெறும் காகிதம் என்பார். எந்தச் சம்பவம் வந்தாலும் "தேதி என்னடா?" என்றுதான் முதல் கேள்வி. புரட்சிக்குப் பிறகு பிரான்ஸ் தனக்கென்று புதிய காலண்டர் வைத்துக்கொண்டது. வாந்தோஸ் 30, ஃப்ளோரெயால் 29 என்றுதான் ஆவணங்களில் இருக்கும். அதையெல்லாம் நம் தேதிக்கு மாற்ற ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் நடந்தது.

முதலில் எங்களை நிறுத்தியது பாலஸ்தீனக் கடற்கரை ஊரான யாஃபா. 1799 மார்ச். எகிப்தில் இருந்த நெப்போலியன் படையோடு வடக்கே போகிறார். (அதே ஜனவரியில்தான் கெய்ரோவிலிருந்து திப்பு சுல்தானுக்குக் கடிதம் எழுதினார். அது ஆங்கிலேயர் கையில் சிக்கியது.) யாஃபா மார்ச் 7ஆம் தேதி விழுகிறது. உயிர்ப்பிச்சை தருவதாக அவருடைய உதவி அதிகாரிகள் வாக்குக் கொடுத்ததை நம்பி, கோட்டைக்குள் இருந்த துருக்கிப் படையினர் ஆயுதத்தைப் போடுகிறார்கள். இவ்வளவு பேரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று நெப்போலியன் அந்த அதிகாரிகள் மீதே கோபப்படுகிறார். பிறகு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கொல்கிறார்கள். தோட்டா வீணாகக் கூடாது என்று துப்பாக்கி முனைக் கத்தியாலும் குத்தினார்கள். படையில் சம்பளப் பட்டுவாடா பார்த்த ஒருவர் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது.

போற்றிய புத்தகத்தில் இந்தச் சம்பவம் ஒரு வரி. தூற்றிய புத்தகத்தில் மூன்று பக்க ஆவேசம். இந்த ஆசிரியர் வேறு மாதிரி போகிறார். கைதிகளுக்குப் போடச் சோறு இல்லை, எகிப்துக்குத் திருப்பி அனுப்பக் காவலுக்கு ஆள் இல்லை, அவர்களில் சிலர் இனிச் சண்டை போடமாட்டோம் என்று சொல்லி முன்பே விடுவிக்கப்பட்டவர்கள். இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்கிறார். கொடுத்த வாக்கையும் கடற்கரையையும் அதே நிதானத்தோடு சொல்கிறார். எந்த இடத்திலும் குரலை உயர்த்தவில்லை, எதையும் மழுப்பவும் இல்லை.

அடுத்த பக்கத்தில் மார்ச் 11. பிளேக் நோயாளிகள் கிடந்த மருத்துவமனைக்குள் நெப்போலியன் நுழைகிறார். எல்லாரும் எட்டி நின்ற இடத்தில், இறந்துபோன ஒரு சிப்பாயின் உடலைத் தூக்கக் கைகொடுக்கிறார். இதை ஓவியர் குரோ பெரிய படமாக வரைந்து 1804ல் பாரிஸில் காட்சிக்கு வைத்தார், இப்போது லூவ்ரில் இருக்கிறது. கடற்கரையை வரையச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தைரியமும் கொலையும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில் நடந்திருக்கின்றன. "அந்தக் கடற்கரையை மறுபடி படி" என்றார் அப்பா. படித்தேன். அன்றைக்கு அதோடு எழுந்து போய்விட்டார்.

அடுத்ததைக் கண்டுபிடித்தது அப்பாதான். ஆங்கியன் கோமகன் என்று ஓர் இளவரசர், பிரான்ஸின் பழைய அரச வம்சத்துக்காரர். நெப்போலியனைக் கொல்லும் சதியில் பங்கு என்ற சந்தேகத்தின் பேரில், வேறு நாடான பாடனுக்குள் படையை அனுப்பி அவரைத் தூக்கி வருகிறார்கள். இரவோடு இரவாக ராணுவ விசாரணை, விடிவதற்குள் வான்சென் கோட்டை அகழியில் சுட்டுக் கொலை. சில பக்கம் கழித்து, பிறப்பால் யாருக்கும் சலுகை இல்லை என்று சொன்ன 2,281 பிரிவுகள் கொண்ட சிவில் சட்டத் தொகுப்பு அமலுக்கு வருகிறது. அதை விவாதித்த அமர்வுகளில் பாதிக்கு மேல் நெப்போலியனே தலைமை தாங்கியவர். வாந்தோஸ் 30. நோட்டில் மாற்றி எழுதி வாசித்தேன்.

"இந்தத் தேதி முன்னாடியே வந்துச்சேடா."

வந்திருந்தது. இரண்டும் 1804 மார்ச் 21. ஐரோப்பாவின் பாதிக்குச் சட்டம் கொடுத்த நாளின் விடியலில், சட்டத்தை மிதித்து ஒருவர் கொல்லப்பட்டிருக்கிறார். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று 213ஆம் பிரிவு எழுதியதும் அதே தொகுப்புதான்.

அதன்பிறகு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினோம். 1802 மே 19ல் லெஜியோன் தொனர் விருது: குலம் பார்க்காமல் தகுதிக்கு மட்டும் மரியாதை. மறுநாள் மே 20ல் ஒரு சட்டம்: பிரிட்டன் திருப்பித் தந்த குடியேற்றங்களில் அடிமை முறை நீடிக்கும், அடிமை வணிகமும் நடக்கும். 1794ல் புரட்சி அரசு சட்டம் போட்டு ஒழித்த அடிமை முறை இது; பிரிட்டன் கையில் இருந்த இடங்களில் மட்டும் தொடர்ந்தது. கரீபியன் கடலில் பிரான்ஸின் குடியேற்றமான குவாதலூப் தீவில் லூயி டெல்கிரெஸ் என்ற கலப்பினத்தவர், பிரெஞ்சுப் படையிலேயே அதிகாரியாக உயர்ந்தவர், நெப்போலியன் அனுப்பி வந்து இறங்கிய படையை எதிர்த்தார். தோல்வி உறுதியானபோது மே 28ல் மத்தூபாவில் வெடிமருந்துக்குத் தீ வைத்துச் சுமார் 300 பேரோடு உயிரை விட்டார். விருது அறிவித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த விருதுச் சேதி கடல் தாண்டித் தீவுக்குப் போயிருக்கக்கூட வழியில்லை. ஜூலையில் அந்தத் தீவில் அடிமை முறை திரும்ப வந்து, 1848 வரை இருந்தது.

கருத்து மாறியதா என்று கேட்டீர்கள். சாதனைகள் ஐந்து மதிப்பெண், குறைகள் ஐந்து மதிப்பெண் என்று பரீட்சைத்தாளில் பிரித்து எழுதுவதுதான் நடுநிலை என்று நினைத்திருந்தேன். அப்படிப் பிரிக்கும்போதுதான் ஆள் தப்பித்துவிடுகிறார் என்று இப்போது நினைக்கிறேன். ஒரே கை, ஒரே வாரம், ஒரே நாள் என்று பார்க்கும்போது நெப்போலியன் மீதிருந்த வியப்பு எனக்குக் குறையவில்லை. ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது இனி டெல்கிரெஸை விட்டுவிட்டுப் பேச என்னால் முடியாது. அப்பா அந்தப் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறார்.

நீங்களும் இந்த மாதிரி ஒரு தலைவரின் வரலாற்றை வாங்கப் போகிறீர்கள் என்றால், முன்னுரையை விட்டுவிட்டு நேராகக் கடைசிப் பக்கங்களில் இருக்கும் பெயர் அட்டவணைக்குப் போங்கள். அவரால் அழிந்த ஒருவரின் பெயரைத் தேடுங்கள். அவர் கட்டியெழுப்பிய ஒன்றையும் தேடுங்கள். இரண்டும் எத்தனை பக்கம் என்று பாருங்கள். நான் முதலில் படித்த இரண்டையும் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். போற்றியதில் டெல்கிரெஸ் இல்லை. தூற்றியதில் சிவில் சட்டம் அரைப் பத்தி.