காசு பணம் கேளுங்க: வேலைய உடாம நிதி ஆலோசகர் ஆகறது எப்படிங்க?

இந்த வாரம் வந்த கேள்வில பாதி ஒரே விசயம்தானுங்க. வேற வேலைல இருந்துட்டே இந்தப் பண ஆலோசனைத் தொழிலுக்கு எப்படி வர்றதுன்னு. அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

அண்ணா வணக்கமுங்க. ஸ்பின்னிங் மில்லுல குவாலிட்டி செக்சன் சூப்பர்வைசருங்க நானு. ஷிப்ட் வேலை. பி.எஸ்சி. முடிச்சிருக்கேன். கொஞ்ச வருசமா எஸ்.ஐ.பி. (மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல கட்டற தொகை) போடறேன், அதப் பாத்துட்டு மில்லுல பசங்க எல்லாம் எங்கிட்டத்தான் வந்து கேக்கறாங்க. இதையே தொழிலா எடுத்துக்கலாம்னு யோசனை. என்ன பரிட்சை எழுதோணும்? வேலைய உட்றலாமா?
- ஒரு வாசகர், பல்லடம்

வேலைய உடாதீங்க தம்பி, அத மொதல்லயே சொல்லிப் போடறேன். எல்லாரும் என்ன பரிட்சைன்னுதான் கேக்கறாங்க, என்னையக் கேட்டா அது ரெண்டாவது கேள்வி. மொதக் கேள்வி உங்களுக்குக் காசு யாரு குடுக்கப் போறாங்கங்கறது. ஃபண்டு கம்பெனி கமிஷன் குடுத்தா நீங்க மியூச்சுவல் ஃபண்டு டிஸ்ட்ரிபியூட்டர். கஸ்டமரே ஃபீஸ் குடுத்தா நீங்க முதலீட்டு ஆலோசகர், அதுக்குப் பங்குச் சந்தைய மேற்பார்வை பாக்கற செபில பதிவு வேணும். ரெண்டுக்கும் விதி வேற பரிட்சை வேற, ஒரே ஆளு ரெண்டு பக்கமும் கைநீட்ட முடியாது.

டிஸ்ட்ரிபியூட்டர் வழி சுலபமுங்க. செபி ஆரம்பிச்ச என்.ஐ.எஸ்.எம்.னு ஒரு நிறுவனம் இருக்குது, அதுல சீரிஸ் ஃபைவ்-ஏ பரிட்சை. 100 கேள்வி, 2 மணி நேரம், 50 வாங்குனா பாஸ், தப்பா டிக் பண்ணுனாலும் மார்க்கக் குறைக்க மாட்டாங்க. கட்டணம் 1,500 ரூபா. புக்கு அவங்க வெப்சைட்லயே ஓசில கெடைக்குது, கோச்சிங் சென்டர்ல ஆயிரக்கணக்குல கட்டாதீங்க. பரிட்சை கம்ப்யூட்டர்லதான், கோயமுத்தூர்லயே சென்டர் இருக்குது, நைட் ஷிப்ட் வாரத்துல மட்டும் தேதி போட்டுராதீங்க, தூக்கக் கலக்கத்துல தெரிஞ்ச பதிலே மாறிப் போயிரும். பாஸாகிட்டா ஃபண்டு கம்பெனிகளோட சங்கமான ஆம்ஃபிகிட்ட ஏ.ஆர்.என்.ங்கற டிஸ்ட்ரிபியூட்டர் பதிவு நம்பர் வாங்கோணும், பொறவு ஒவ்வொரு ஃபண்டு கம்பெனிலயும் பேரப் பதிஞ்சுக்கோணும். சர்டிபிகேட் 3 வருசந்தான் செல்லும், அப்பறம் புதுப்பிக்கோணும்.

இப்ப வேலைய ஏன் உடக்கூடாதுங்கற கணக்குக்கு வர்றேன். 2009ல என்ட்ரி லோடு, அதாவது பணம் போடறப்பவே கஸ்டமர்கிட்டப் புடிக்கற தொகை, போச்சு, 2018ல முன்கூட்டியே குடுக்கற கமிஷனயும் செபி நிறுத்திருச்சு. இப்ப பெரும்பாலும் இருக்கறது டிரெயில்தான், அதாவது கஸ்டமர் பணம் ஃபண்டுல கெடக்கற வரைக்கும் வருசா வருசம் வர்ற சின்ன சதவீதம். பேச்சுக்கு 0.8 சதவீதம்னு வெச்சுக்கலாம். நீங்க ஓடியாடி 100 குடும்பத்தப் புடிச்சு ஆளுக்கு மாசம் 3,000 ரூபா எஸ்.ஐ.பி. போட வெச்சுட்டீங்க, பெரிய வேலைதான் அது. மாசம் 3 லட்சம், வருசக் கடைசில 36 லட்சம் சேர்ந்திருக்கும், ஆனா அது கொஞ்சங்கொஞ்சமா சேர்ற பணங்கறதால சராசரி அதுல பாதி சொச்சந்தான், அப்ப உங்க கைக்கு அந்த மொத வருசம் பூராவும் வர்றது சுமார் 15 ஆயிரம். மாசத்துக்கு இல்லீங்க, வருசத்துக்கு! அதே 0.8ல மாசம் 25 ஆயிரம் வரோணும்னா மொத்தம் மூணே முக்கால் கோடி உங்க கைவழியா ஃபண்டுல நிக்கோணும். அதுக்கு எத்தன வருசமாகும்னு நீங்களே போட்டுப் பாத்துக்கங்க. மில்லுச் சம்பளம்தான் அதுவரைக்கும் சோறு போடோணும்.

ரெண்டாவது வழி ஆலோசகர். 2013ல வந்த செபி விதிப்படி சீரிஸ் டென்-ஏ, டென்-பி ரெண்டு பரிட்சையும் எழுதோணும். முன்னெல்லாம் அனுபவம், சொத்து மதிப்புன்னு கேட்டு நம்ம மாதிரி ஆளுங்கள வாசல்லயே நிறுத்திருவாங்க. 2024 டிசம்பர்ல அத எல்லாம் எடுத்துட்டாங்க, 150 கஸ்டமர் வரைக்கும் 1 லட்சம் ரூபா டெபாசிட் போட்டாப் போதும்னு ஆச்சு. உங்களுக்கு முக்கியமானது என்னன்னா, பார்ட் டைம் ஆலோசகர்னே ஒரு வகை கொண்டாந்துட்டாங்க. வேற வேலை பாத்துட்டே 75 கஸ்டமர் வரைக்கும் வெச்சுக்கலாம், அந்த வேலை அடுத்தவங்க பணம், ஷேரு, முதலீட்டு ஆலோசனைன்னு இந்தப் பக்கம் சம்பந்தப்பட்டதா இருக்கக்கூடாது. நூல் தரம் பாக்கறதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அதனால உங்களுக்குக் கதவு தொறந்துதான் இருக்குது. மில்லு நிர்வாகத்துகிட்ட சம்மதத்த எழுத்துல வாங்கி வெச்சுக்கங்க. டிகிரி விசயத்துல மட்டும் விதிய அடிக்கடி மாத்தறாங்க, அப்ளை பண்றதுக்கு முன்னாடி செபி தளத்துல ஒருக்கா பாத்துருங்க.

எது உங்களுக்குச் சரி வரும்? உங்ககிட்டக் கேக்கறவங்க ஆயிரம் ரெண்டாயிரம் போடற பசங்க, அவங்க ஃபீஸ் குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் முடியாது. டிஸ்ட்ரிபியூட்டரா ஆரம்பிங்கன்னுதான் நான் சொல்லுவேன். அதுவரைக்கும் டீக்கடைல ஓசில பேசறதோட நிறுத்திக்கங்க. 500 ரூபா வாங்கிட்டு இந்த ஃபண்டுல போடுன்னு சொன்னாக்கூட அது பதிவில்லாத ஆலோசனை, சட்டப்படி தப்பு.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். என்னால ஏஜென்சி எடுக்க முடியாதுன்னு தெரியும். மனைவி பேர்ல ஏ.ஆர்.என். வாங்கிட்டு ஸ்டாஃப் ரூம்ல நான் ஆள் சேர்த்துக் குடுத்தா என்ன தப்பு?
- ஈரோடு வாசகர், பேர் வேண்டாம்னு கேட்டிருக்கார்

சார், நீங்க கேட்டதுலயே பதில் இருக்குதுங்க. மனைவி தாராளமா பண்ணலாம், ஆனா பரிட்சைக்கு அவங்கதான் உக்காரோணும், அடையாள அட்டை பாத்துத்தான் உள்ளயே உடுவாங்க. நம்பர் அவங்களுது, கஸ்டமர்கிட்டப் பேசறதும் அவங்களா இருக்கோணும். குடும்பத்து ஆளு நடத்தற இன்சூரன்ஸ் ஏஜென்சி, கமிஷன் ஏஜென்சிக்கு அரசு ஊழியர் ஆள் புடிச்சுக் குடுக்கறது நடத்தை விதிக்கு விரோதம். ஸ்டாஃப் ரூம்ல நீங்க ஃபாரத்த நீட்டுனீங்கன்னா, உங்களுக்கு ஆகாத ஒருத்தர் ஒரே ஒரு மனு போட்டாப் போதும், சார்ஜ் மெமோ வந்து நிக்கும். மனைவிக்கு இதுல நெசமா ஆர்வம் இருந்தா அவங்களப் படிக்க வைங்க, ஆபீசுக்கும் எழுதித் தெரியப்படுத்திருங்க. அவங்களுக்கு ஆர்வம் இல்லீன்னா இந்தப் பேச்ச இதோட உட்றுங்க.

எனக்குக் கணக்கே வராதுங்க. போர்வெல் கம்பெனி ஆபீஸ்ல பில் போடறேன். டென்-ஏ பரிட்சை ரொம்பக் கஷ்டமா?
- வாசகி, திருச்செங்கோடு

பில் போடறீங்க, கணக்கு வராதுங்கறீங்களே அம்மணி! ஃபைவ்-ஏ அளவுக்கு லேசு இல்ல, அது உண்மை. 3 மணி நேரம், 60 சதவீதம் வேணும், தப்புக்கு மார்க் புடிப்பாங்க, அதனால குருட்டாம்போக்குல அடிக்க முடியாது. ஒரு குடும்பத்தோட கதையக் குடுத்து அதுல இருந்தே நாலஞ்சு கேள்வி கேப்பாங்க, அங்கதான் பல பேரு வழுக்கறாங்க. மாதிரிக்கு ஒண்ணு: இன்னிக்கு மாசச் செலவு 30 ஆயிரம், விலைவாசி வருசத்துக்கு 6 சதவீதம் ஏறுது, 20 வருசம் கழிச்சு ரிட்டயர் ஆகறப்ப அதே வாழ்க்கைக்கு மாசம் எவ்வளவு வேணும்? 1.06ஐ இருபது தடவ பெருக்குனா சுமார் 3.2 வரும், 30 ஆயிரத்த அதால பெருக்குனா 96 ஆயிரம். இவ்வளவுதானுங்க சூத்திரம், இதையே திருப்பித் திருப்பி வேற வேற வேசத்துல கேக்கறாங்க. அடி எத்தனை, கேசிங் எவ்வளவுன்னு மனசுலயே போடறவங்களுக்கு இது வரும்.

சரவணம்பட்டில ஐ.டி. வேலை. அம்மா கோபில எல்.ஐ.சி. ஏஜென்ட். நான் சி.எஃப்.பி. (நிதித் திட்டமிடல் படிப்பு) படிச்சு அம்மாவோட கஸ்டமர்களுக்கே ஃபீஸ் வாங்கி பிளான் போட்டுக் குடுக்கலாமா?
- வாசகர், கோயமுத்தூர்

சி.எஃப்.பி. நல்ல படிப்பு. முதலீடு, ஓய்வுக்காலமும் வரியும், இன்சூரன்சும் உயிலும்னு ஒவ்வொண்ணாப் படிச்சுட்டு கடைசில எல்லாத்தையும் சேத்து ஒரு முழுத் திட்டம் போடச் சொல்லுவாங்க. அறிவுக்கு அதவிட நல்லது இல்ல. ஆனா அது பட்டம் மட்டுந்தான் கண்ணு, ஃபீஸ் வாங்கற உரிமை இல்ல. பங்கு, ஃபண்டு பத்தி ஃபீஸ் வாங்கிட்டு ஆலோசனை சொல்ல செபி பதிவுதான் வேணும்.

அம்மா விசயத்துல சூதானமா இருக்கோணும். ஆலோசகர் ஃபீஸ் வாங்கற கஸ்டமருக்கு அவரு குடும்பத்து ஆளே பொருள விக்கக்கூடாதுன்னு 2020லயே விதி வந்தாச்சு. வெளில இருந்து பாக்கறவனுக்கு, மகன் பிளான் போட்டான், அம்மா பாலிசி வித்துட்டாங்கன்னுதான் தெரியும். அம்மாவோட கஸ்டமர் நோட்டு தனி, உங்க நோட்டு தனின்னு வெச்சுக்கங்க. இன்னொண்ணு, உங்க ஆபர் லெட்டர எடுத்துப் படிங்க, ஐ.டி. கம்பெனிகள்ல நெறைய இடத்துல வெளி வருமானத்துக்கு அனுமதி வாங்கோணும்னு ஒரு வரி ஒளிஞ்சு கெடக்கும்.

ஃபைவ்-ஏ பாஸ் பண்ணிட்டேன். அது தெரிஞ்சதும் எங்க பெரியப்பா தேங்கா வித்த காசு 5 லட்சத்தக் கொண்டாந்து, "உன் அக்கவுண்டுலயே போட்டுப் பாரு, எனக்கு மாசம் 2 வட்டி குடுத்தாப் போதும்"ங்கறார். வாங்கலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

வாங்காதீங்க. சொந்தக்காரரு பேச்ச எப்படித் தட்டறதுன்னு நெனைப்பீங்க, இந்த ஒண்ணுல தட்டியே ஆகோணும். அவரு பணம் அவரு பேங்க் அக்கவுண்டுல இருந்து நேரா அவரு பேர்ல இருக்கற ஃபண்டுக்குப் போகோணும், உங்க அக்கவுண்டுக்கு ஒத்த ரூபா வரக்கூடாது. மாசம் 2னா வருசத்துக்கு 24 சதவீதம், அப்படிக் கட்டாயமாத் தர்ற ஃபண்டு எதுவும் கெடையாது. டிஸ்ட்ரிபியூட்டர் இவ்வளவு வரும்னு உறுதி குடுக்கறதே தப்பு.

நம்ம பக்கத்துக்காரங்களுக்கு இதப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. 2012ல பெருந்துறைப் பக்கம் ஈமு கோழில போட்டு எத்தன குடும்பம் தெருவுக்கு வந்துச்சு. திருப்பூர்ல ஃபாரெக்ஸ்னு பணம் வாங்குன கேஸ்ல 2022ல கோயமுத்தூர் கோர்ட்டு 27 வருசம் தண்டனை போட்டுச்சு. டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம்னு தமிழ்நாட்டுல 1997லயே வந்துருச்சு, அப்படியிருந்தும் மறுபடி மறுபடி ஏமாறறோம். காரணம் ஒண்ணுதான், பணம் வாங்கறவன் ஒறம்பரையா இருப்பான். பெரியப்பாவக் கூட்டீட்டுப் போயி அவரு பேர்லயே கே.ஒய்.சி. முடிச்சுக் குடுங்க, நாமினிய மறக்காமப் போடுங்க. கொறைஞ்சாலும் கொறையும்னு சொல்லிட்டே போடுங்க. அவருக்கு அது ஒத்து வரலீன்னா பேங்க்ல எஃப்.டி. போடட்டும், உங்களுக்குக் கமிஷன் வராது, ராத்திரி தூக்கம் வரும்.

விசிட்டிங் கார்டுல "வெல்த் அட்வைஸர்"னு போட்டு 500 கார்டு அடிச்சுட்டேன். ஏ.ஆர்.என். மட்டுந்தான் இருக்குது. பரவாயில்லையா?
- வாசகர், கரூர்

போடக்கூடாதுங்க. செபில ஆலோசகராப் பதியாம அந்தப் பேர வெச்சுக்க 2020ல இருந்தே தடை. "ஆம்ஃபியில் பதிவு பெற்ற மியூச்சுவல் ஃபண்டு டிஸ்ட்ரிபியூட்டர்"னு போட்டு கீழ ஏ.ஆர்.என். நம்பரப் போடுங்க, பாக்க அவ்வளவு பந்தாவா இருக்காது, என்ன பண்றது. அடிச்ச கார்டுல பின்பக்கம் வெறுமையா இருந்தா மளிகைச் சிட்டை எழுதறதுக்கு வீட்ல குடுத்துருங்க.