பூங்காவில் மெட்டல் டிடெக்டர்: காவலாளி தலையசைத்தால் போதுமா?

கேள்வி: புதிதாக ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு அருகிலுள்ள பொதுப் பூங்காவில் அதை வைத்துத் தேட ஆசை. பூங்கா வாசலில் உள்ள விதிப்பலகையில் இந்தக் கருவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காவலாளியிடம் கேட்டேன், "தாராளமாகத் தேடுங்கள்" என்றார். இதற்கு மேலும் அனுமதி வாங்க வேண்டுமா? கிடைப்பதை நானே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வாங்க வேண்டும். காவலாளி நல்ல மனிதர்தான், ஆனால் நாளைக்கு ஒரு அதிகாரி வந்து "யாரைக் கேட்டுத் தோண்டினீர்கள்?" என்று கேட்கும்போது அவர் வாய்மொழியாகச் சொன்னது உங்களுக்குக் கைகொடுக்காது. அனுமதி கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இல்லை.

விதிப்பலகையில் டிடெக்டர் என்ற சொல் இல்லாததை வைத்து முடிவுக்கு வருவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். நீங்கள் பூங்காவில் செய்யப்போவது ஒரு செயல் அல்ல, மூன்று. கருவியைத் தரைக்கு மேல் இங்குமங்கும் அசைத்துத் தேடுகிறீர்கள். ஒலி வந்த இடத்தில் தோண்டுகிறீர்கள். கிடைத்ததை எடுத்துச் செல்கிறீர்கள். முதலாவதைப் பற்றி விதிகள் மௌனமாக இருக்கலாம். இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய எல்லாப் பூங்கா விதிகளிலும் வேறு பெயரில் இருக்கும்: "புல்தரையைச் சேதப்படுத்தக் கூடாது", "மண், கல், செடி எதையும் அகற்றக் கூடாது". ஆகவே விதிப்புத்தகத்தில் கருவியின் பெயரைத் தேடாதீர்கள். புல்தரை, தோண்டுதல், அகற்றுதல், தொல்பொருள், கண்டெடுத்த பொருள் ஆகிய தலைப்புகளைப் பாருங்கள். உங்களுக்கான விதி அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, அந்த நிலம் யாருடையது என்று விசாரியுங்கள். புல் வெட்டுவது நகராட்சியாக இருக்கலாம். நிலம் மாநில அரசுக்கோ, ஓர் அறக்கட்டளைக்கோ, நீர்வளத் துறைக்கோ சொந்தமாக இருக்கலாம். ஒரே வேலிக்குள் பாதி நிலம் ஒருவருக்கும் மீதி இன்னொருவருக்கும் உரியதாக இருப்பதும் உண்டு. பூங்காவுக்குள் பழைய கோட்டைச் சுவரோ, புதைமேடோ, நினைவுச் சின்னமோ இருந்தால் அந்தப் பகுதிக்குத் தொல்லியல் சட்டம் தனியாகப் பொருந்தும். நகராட்சி கொடுத்த அனுமதி அங்கே செல்லாது.

இடத்துக்கு இடம் விதி எவ்வளவு மாறுகிறது என்பதற்கு அமெரிக்கா நல்ல உதாரணம். அங்கே தேசியப் பூங்காக்களில் டிடெக்டரைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். வழியில் அந்தப் பூங்காவைக் கடந்து போகிறீர்கள் என்றால் கருவியை உடனே பயன்படுத்த முடியாதபடி பிரித்துக் கட்டி வண்டிக்குள் வைத்திருக்க வேண்டும். அதே நாட்டில் நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களின் பூங்கா நிர்வாகங்கள் முறையாக விண்ணப்பித்தால் அனுமதி தருகின்றன. இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம் என்கிறது 1979ஆம் ஆண்டின் சட்டம். ஒரு கைப்பிடி மண்ணைக்கூட நீங்கள் கிளறியிருக்க வேண்டியதில்லை. பிரான்சில் வரலாற்றுப் பொருள்களைத் தேடும் நோக்கத்துடன் கருவியை எடுத்தால் அரசு நிர்வாகியின் அனுமதி தேவை என்று 1989 முதல் சட்டம் இருக்கிறது. இன்னொரு நாட்டுக்காரர் தன் அனுபவத்தைச் சொல்லி உங்களுக்குத் தைரியம் கொடுத்தால், கேட்டுக்கொள்ளுங்கள். அதை நம்பி மண்வெட்டி எடுக்காதீர்கள்.

நில உரிமையாளர் யார் என்று தெரிந்ததும் எழுத்தில் கேளுங்கள். "டிடெக்டர் பயன்படுத்தலாமா?" என்று ஒற்றை வரியில் கேட்டால், அதைப் பற்றி யோசிக்க நேரமில்லாத எழுத்தர் "கூடாது" என்று எழுதி அன்றைய வேலையை முடித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பூங்கா முழுவதும் குழியாகக் கிடக்கும் காட்சிதான் அவர் மனதில் வரும். என்ன செய்வீர்கள், என்ன செய்ய மாட்டீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். இப்படி:

"தங்கள் பராமரிப்பில் உள்ள பூங்காவின் வடக்குப் புல்வெளியில், வார நாட்களில் காலை வேளையில், கையடக்க உலோகம் கண்டறியும் கருவியைப் பயன்படுத்த அனுமதி கோருகிறேன். கையளவு கருவியால் மட்டுமே தோண்டுவேன். ஒவ்வொரு குழியையும் உடனுக்குடன் மூடுவேன். மரங்கள், பூம்பாத்திகள், விளையாட்டுத் திடல் ஆகியவற்றைத் தவிர்ப்பேன். கிடைக்கும் குப்பையை அகற்றுவேன். பழம்பொருளோ, உரியவரை அடையாளம் காணக்கூடிய பொருளோ கிடைத்தால் அலுவலகத்தில் தெரிவிப்பேன். தோண்டுவதற்கான ஆழ வரம்பு, அனுமதியின் கால அளவு, இந்த நிலத்துக்கு வேறு துறையின் ஒப்புதல் தேவையா ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டுகிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நிலம் வேறு துறையின் கையில் இருந்தால் அது வெளியே வருவது அந்த ஒரு கேள்வியில்தான்.

அனுமதிக் கடிதம் வந்ததும் முழுவதும் படியுங்கள். எந்தப் பகுதி, எந்த நேரம், எந்தக் கருவி, எந்தத் தேதி வரை என்று குறிப்பிட்டிருப்பார்கள். சிலர் பொதுப் பொறுப்புக் காப்பீடு (உங்களால் பிறருக்கு நேரும் சேதத்தை ஈடுகட்டும் காப்பீடு) கேட்பார்கள். பல இடங்களில் பெரிய மண்வெட்டிக்குத் தடை இருக்கும். கைக்கரண்டியோ, ஸ்குரூடிரைவர் போன்ற மெல்லிய கம்பியோதான் அனுமதி. கருவி சிறியதாக இருந்தால் குழியும் சிறியதாக இருக்கும் என்பதே அதன் கணக்கு.

தோண்டும் முறையில்தான் அனுமதி அடுத்த ஆண்டும் கிடைக்குமா என்பது இருக்கிறது, அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலில் பக்கத்தில் ஒரு துணியை விரியுங்கள். ஒலி வந்த இடத்தைச் சுற்றி மூன்று பக்கம் மட்டும் வெட்டுங்கள். நான்காவது பக்கத்தின் வேர் அறுபடக் கூடாது. புல்லை அடிமண்ணோடு சேர்த்து, புத்தக அட்டையைத் திறப்பதுபோல் மடக்குங்கள். உள்ளிருந்து எடுக்கும் மண் முழுவதும் துணியின் மேல்தான் விழ வேண்டும். பொருளை எடுத்தபின் குழிக்குள் மறுபடியும் கருவியைக் காட்டிப் பாருங்கள். ஒன்றின் அடியில் இன்னொன்று கிடப்பது சகஜம். பிறகு துணியிலிருக்கும் மண்ணைக் குழிக்குள் கொட்டி, புல்லை மூடி, காலால் மெல்ல மிதித்து அழுத்துங்கள். மண் காய்ந்து வெடித்திருக்கும் கோடைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம். வெட்டிய புல் பிழைக்காது, பத்து நாளில் நீங்கள் தோண்டிய இடமெல்லாம் பழுப்பு வட்டமாகத் தெரியும்.

நேர்கோட்டில் தொடர்ந்து ஒலி வந்தால் தோண்டாதீர்கள். அது மின்கம்பியாகவோ குழாயாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் தெளிக்கும் குழாய்களை அதிக ஆழத்தில் பதிப்பதில்லை. போர் நடந்த நிலங்களில் வெடிகுண்டு, எறிகணை போன்ற எது தென்பட்டாலும் தொடாமல் விலகி, இடத்தைக் குறித்துக்கொண்டு காவல்துறையை அழையுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தேட அனுமதி கிடைத்தது என்பதால் கிடைப்பது உங்களுடையது ஆகிவிடாது. பானத் தகரக் குப்பிகளின் வளையங்களும் துருப்பிடித்த ஆணிகளும்தான் பெரும்பாலும் வரும், அவற்றுக்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் மோதிரம் வந்தால் அதைத் தொலைத்தவர் ஒருவர் இருக்கிறார். சட்டப்படி அவர்தான் இன்னும் உரிமையாளர். உள்பக்கம் பெயரோ தேதியோ பொறித்திருப்பதைப் பார்த்த பிறகும் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் பல நாடுகளில் அது திருட்டு வகையில் சேரும். பூங்கா அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். உரியவர் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கே திரும்பக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, ஆனால் அந்த ரசீது கையில் இருக்க வேண்டும்.

பழம்பொருள் என்றால் கணக்கே வேறு. இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருள் 10 ரூபாய்க்கு மேற்பட்டதாக இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அந்தக் காலத்துப் பத்து ரூபாயைச் சட்டம் அப்படியே வைத்திருப்பது வேடிக்கைதான், ஆனால் அதன் விளைவாக இன்று ஏறக்குறைய எல்லாமே வரம்புக்குள் வந்துவிடுகிறது. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் சட்டப்படி, புதையலாக இருக்கலாம் என்று உணர்ந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் 'கொரோனர்' எனப்படும் மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்; அங்கே புதையலையும் அவர்தான் விசாரிக்கிறார். அமெரிக்கக் கூட்டாட்சி நிலங்களில் 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி அகற்றினால் 1979ஆம் ஆண்டின் சட்டம் பாயும். எந்த நாடாக இருந்தாலும் பழைய நாணயத்தைத் தேய்த்துக் கழுவாதீர்கள்; கிடைத்த இடத்தைப் படம் எடுங்கள், ஆழத்தைக் குறியுங்கள். ஒரே இடத்தில் பல நாணயங்கள் வந்தால் தோண்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவை கிடந்த வரிசையும் மண்ணடுக்கும் கலைந்துபோனால் ஆய்வாளருக்குப் பாதித் தகவல் போய்விடும்.

கடிதத்துக்குப் பதிலே வராமலும் போகலாம். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. சில வாரங்கள் கழித்து அதே கடிதத்தின் நகலை இணைத்து மறுபடி எழுதுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். அதுவரை கருவியைப் பழக ஒரு நண்பரின் தோட்டம் போதும். அவரிடமும், கிடைப்பது யாருக்கு என்பதைச் சேர்த்து, இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.