டயாலிசிஸ் செய்துகொள்பவர் எடை தூக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. பஸ் கண்டக்டராக இருந்தவர். 14 வருடமாகச் சர்க்கரை. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, ஒன்றரை வருடமாக வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போய்வருகிறார். இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்து அறுவை செய்திருக்கிறார்கள். எடை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் தொடை இரண்டும் சூம்பிவிட்டன. தரையில் உட்கார்ந்தால் யாராவது கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. ஜிம்முக்குப் போகும் என் மகன், "அப்பாவுக்கு டம்பெல் வாங்கித் தர்றேன், புரோட்டீன் பவுடரும் கொடுக்கலாம்" என்கிறான். மாமியாரோ, "ஃபிஸ்டுலா வெடிச்சிடும், அவனைச் சும்மா விடுங்க" என்கிறார். உடற்பயிற்சி செய்தால் கிரியாட்டினின் ஏறும் என்று பக்கத்து வீட்டில் ஒருவர் பயமுறுத்துகிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: உங்கள் மகன் சொல்வது பாதி சரி. மாமியார் சொல்வது கால்வாசி சரி. உங்கள் கணவர் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்யலாம். செய்தே ஆக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் டம்பெல்லுக்கு இப்போது அவசரமில்லை, வீட்டில் இருக்கும் மர நாற்காலி போதும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். "எடை அப்படியேதான் இருக்கிறது, தொடை சூம்பிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது இந்த வரிதான். டயாலிசிஸ் செய்பவருக்கு 'டிரை வெயிட்' என்று ஒன்றைக் குறித்துவைத்திருப்பார்கள். உபரி நீரெல்லாம் எடுத்த பிறகு உடம்பு இருக்க வேண்டிய எடை அது. உங்கள் கணவருக்கு 60 கிலோ என்று ஒரு வருடம் முன்பு குறித்ததாக வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு இரண்டு கிலோ தசை கரைந்துபோயிருந்து, இன்னமும் அதே 60-ல் மெஷினை நிறுத்தினால், அந்த இரண்டு கிலோவுக்கும் பதிலாக உடம்பில் தங்கியிருப்பது தண்ணீர். இரவில் படுத்தால் மூச்சு வாங்குவது, மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதது எல்லாம் பல நேரம் இதனால்தான். அடுத்த முறை போகும்போது, "டிரை வெயிட்டைத் திரும்பப் பாருங்கள்" என்று டாக்டரிடம் கேளுங்கள். பயிற்சி செய்து தசை ஏறினால் அப்போதும் கேட்க வேண்டும், இந்தத் தடவை கூட்டச் சொல்லி. இல்லாவிட்டால் அளவுக்கு மீறித் தண்ணீர் எடுத்து, கால் தசை இழுத்துக்கொள்ளும்.

தசை ஏன் கரைகிறது? ஒவ்வொரு நான்கு மணி நேர டயாலிசிஸிலும் கழிவோடு சேர்ந்து 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்கள் வெளியே போய்விடுகின்றன. இரத்தத்தில் அமிலம் தேங்குவதும் தசையை அரிக்கும். சர்க்கரையும் சேர்ந்துகொள்கிறது. அப்புறம் சாப்பாடு. டயாலிசிஸ் தொடங்கும் முன்பு "பருப்பு குறை, முட்டை வேண்டாம், கறி வேண்டாம்" என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பத்தியத்தை டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் பல வீடுகளில் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியாக, படுக்கை. டயாலிசிஸ் நாள் மெஷினில் படுத்தபடி போகிறது, மறுநாள் அந்த அசதியில் போகிறது. பஸ்ஸில் நாள் முழுக்க நின்ற கால்கள் அவை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதில் மருத்துவர்களான எங்கள் பங்கும் உண்டு. நானே பல வருடம் "நல்லா ஓய்வெடுங்க" என்று சொல்லித்தான் நோயாளிகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். அது கனிவான அறிவுரை என்று நினைத்தேன். ஜெர்மனியில் 21 டயாலிசிஸ் மையங்களில் நடந்து, 2023-ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. ஒரு தரப்புக்கு மெஷினில் இருக்கும்போதே காலால் பெடல் மிதிப்பதும் தசைப் பயிற்சியும் கொடுத்தார்கள். மறு தரப்பு வழக்கம்போல் இருந்தது. ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்த்தார்கள். தொடக்கத்தில் இரு தரப்புக்கும் சராசரி 16. ஒரு வருடம் கழித்துப் பயிற்சி செய்தவர்கள் 19-ஐத் தொட்டார்கள், சும்மா இருந்தவர்கள் 15-க்கும் கீழே போய்விட்டார்கள். எனக்கு உறைத்தது அந்த இரண்டாவது எண்தான். ஓய்வு அவர்களை இருந்த இடத்தில்கூட வைத்திருக்கவில்லை.

கிரியாட்டினின் பயத்துக்கு வருகிறேன். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் பாதி வேலை செய்துகொண்டிருக்கும் காலத்தில் அது ஏறினால் கவலைப்பட வேண்டும். டயாலிசிஸுக்கு வந்த பிறகு கணக்கு மாறிவிடுகிறது. டயாலிசிஸ் அளவு அப்படியே இருக்க, 9 இருந்த கிரியாட்டினின் சில மாதங்களில் 6-க்கு இறங்கியது என்றால் "கிட்னி தேறுகிறது" என்று குடும்பமே சந்தோஷப்படும். பெரும்பாலும் அங்கே இறங்கியிருப்பது தசை. பயிற்சியால் தசை கூடி அந்த எண் லேசாக ஏறினால் நான் வருத்தப்பட மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது உங்கள் சாமர்த்தியம்.

ஃபிஸ்டுலா வெடிக்குமா? நன்றாக முதிர்ந்த ஃபிஸ்டுலா லேசான பயிற்சிக்கெல்லாம் வெடிக்காது. அறுவை செய்த புண் ஆறியதும் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வதே அந்த இரத்தக் குழாய் தடிக்கட்டும் என்றுதான். ஆனால் அந்தக் கையில் கனமான எடையைத் தொங்கவிடக் கூடாது, முழங்கை மடிப்பில் பை மாட்டக் கூடாது, இறுக்கமாக எதையும் கட்டக் கூடாது. இரத்தக் குழாய் பலூன் மாதிரி புடைத்து, மேலே தோல் மெலிந்து பளபளப்பாக இருந்தாலோ, புண்ணோ பொருக்கோ இருந்தாலோ அந்தக் கைக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மாமியாரின் கால்வாசி சரி இதுதான்.

ஆரம்பிக்கும் முன் சில பரிசோதனைகள் தேவை. ஈசிஜி, எக்கோ, ஹீமோகுளோபின், பொட்டாசியம் ஆகியவற்றை உங்கள் நெஃப்ராலஜிஸ்ட் ஒருமுறை பார்க்கட்டும். 14 வருடச் சர்க்கரை சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது என்றால் விழித்திரையையும் தொட்டிருக்கலாம், எனவே கண் டாக்டரையும் பார்த்துவிடுங்கள். கண்ணுக்குள் இரத்தக் கசிவு இருக்கும்போது மூச்சை அடக்கி முக்கினால் பார்வைக்கே ஆபத்து. பலர் மறந்துவிடும் ஒன்று பிடிஎச், அதாவது பாராதைராய்டு ஹார்மோன். இந்த ஹார்மோன் அதிகமாக இருந்தால் எலும்பு மட்டுமின்றித் தொடைத் தசையை முழங்கால் சில்லோடு கட்டியிருக்கும் தசைநாணும் பலவீனமாகும். குதித்தால், வெடுக்கென்று எழுந்தால் அறுந்துபோனவர்கள் உண்டு. அதனால் குதிப்பதும், முழுக்கக் குந்தி எழும் தோப்புக்கரணமும் இப்போதைக்கு வேண்டாம்.

இனி நாற்காலி. கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். உட்காருமிடம் தாழ்வாக இருந்தால் போர்வையை மடித்து மேலே போட்டு உயர்த்துங்கள். இருக்கையின் முன்பாதியில் அவர் உட்காரட்டும். பாதங்கள் முழுதாகத் தரையில் பதிந்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, பிறகு எழ வேண்டும். கையை ஊன்றாமல் முடியவில்லையென்றால் முதல் வாரம் வலது கையை மட்டும் தொடையில் ஊன்றிக்கொள்ளலாம். எழும்போது மூச்சை அடக்கக் கூடாது. அதற்கு ஒரு வழி, வாய்விட்டு ஏதாவது சொல்வது. இத்தனை வருடம் "போலாம் ரைட்" சொன்னவர், ஒவ்வொரு தடவை எழும்போதும் அதையே சொல்லட்டும். சத்தம் வந்தால் மூச்சு அடைபடவில்லை என்று அர்த்தம். உட்காரும்போது பொத்தென்று விழாமல், மனத்துக்குள் மூன்று எண்ணி இறங்க வேண்டும். இந்த இறக்கத்தில்தான் தொடைக்குப் பாதி வேலை இருக்கிறது.

முதல் நாள், ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று மகனை மொபைலில் பார்க்கச் சொல்லுங்கள். அன்று மட்டும் வழக்கமான வேகத்தில் செய்யட்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் கால் வலு குறைந்திருக்கிறது என்று ஆசிய அளவுகோல் சொல்கிறது. உங்கள் கணவருக்கு 20-ஐத் தாண்டலாம், பயப்பட வேண்டாம், குறித்துவையுங்கள். பிறகு வாரம் மூன்று நாள், ஐந்து ஐந்தாக இரண்டு சுற்று, நடுவில் இரண்டு நிமிட இளைப்பாறல். சுலபமாகிவிட்டால் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ கூட்டலாம். பத்துப் பத்தாக மூன்று சுற்று வந்ததும் போர்வையை எடுத்துவிடுங்கள். இதோடு அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதையும் பத்து முறை சேர்த்துக்கொள்ளலாம். பிரஷருக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாது, எனவே துடிப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். "கொஞ்சம் கஷ்டமா இருக்கு, ஆனா பேச முடியுது" என்ற அளவு சரி. பேச்சு திக்கினால் நிறுத்த வேண்டும்.

எடை எப்போது? மூன்று நான்கு வாரம் கழித்து. கணுக்காலில் கட்டும் மணல்பை கடையில் கிடைக்கும், ஆனால் பழைய பேன்ட் காலை வெட்டிப் பையாகத் தைத்து அரைக் கிலோ மணல் போட்டாலும் அதே வேலைதான். எங்கள் பக்கம் ஓர் அம்மா, கல்லுப்புப் பாக்கெட்டையே துண்டில் சுற்றிக் காலில் கட்டிக்கொண்டார். டயாலிசிஸ்காரர் வீட்டில் உப்புப் பாக்கெட்டுக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, எடை கட்டிய காலை மெல்ல நேராக நீட்டி, மூன்று எண்ணி இறக்க வேண்டும். உங்கள் கணவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். பையை அவிழ்த்ததும் தோல் சிவந்திருக்கிறதா என்று நீங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள், அவருக்கு உறைக்காது.

இதையே டயாலிசிஸ் மெஷினில் படுத்திருக்கும்போதும் செய்யலாம். போகாத பொழுதுக்கும் நல்லது. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு பிரஷர் இறங்கும். ஊசி போட்ட கை அசையவே கூடாது. பல மையங்களில் இதற்கு இடமோ ஆளோ இல்லை என்பது உண்மை, ஆகவே டியூட்டி டாக்டரிடமும் டெக்னீஷியனிடமும் சொல்லாமல் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். (இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: தொடைப் பக்கம் குழாய் போட்டிருந்தால் காலை மடக்கும் பயிற்சி கூடாது. கழுத்துக் குழாய் என்றால் கையைத் தலைக்கு மேல் தூக்குவதைத் தவிருங்கள். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்கள் வயிற்றை அழுத்தும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும், குடலிறக்கம் வரலாம்.)

டயாலிசிஸ் முடிந்து வந்த மாலையில் ஓய்வுதான். மறுநாள் காலை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் செய்வது நல்லது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், அதனால் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்கட்டும். தாழ்ந்துவிட்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பழச்சாறு வேண்டாம். வாரம் இரண்டு முறை மட்டும் போகிறவருக்கு நடுவில் நீண்ட இடைவெளி விழும். அதன் கடைசி நாளில் தண்ணீரும் பொட்டாசியமும் சேர்ந்திருக்கும், அன்று வீட்டுக்குள் நடந்தால் போதும். டயாலிசிஸ் தவறிய வாரம், காய்ச்சல், நெஞ்சில் அழுத்தம், படுத்தால் மூச்சு வாங்குவது, மேல் பிரஷர் 180-ஐயோ கீழ் பிரஷர் 100-ஐயோ தாண்டுவது, இவற்றில் எது இருந்தாலும் நாற்காலி பக்கமே போக வேண்டாம். நெஞ்சழுத்தமும் மூச்சுத்திணறலும் என்றால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முடிந்தால் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் தர முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

பயிற்சி செய்தால் தாகம் எடுக்கும். தென்காசிப் பக்கம் இளநீருக்கா பஞ்சம்? தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். இளநீரில் இருக்கும் பொட்டாசியம் இவர் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது. வாயைக் கொப்பளித்துத் துப்பலாம், ஒரு ஐஸ் கட்டியைச் சப்பலாம், ஆனால் அதையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புரோட்டீன் பவுடர் விஷயத்தில் மகனைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துங்கள். ஜிம்மில் விற்கும் டப்பாக்களில் கிரியேட்டின், பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் கலந்திருக்கலாம். டயாலிசிஸ்காரர்களுக்கென்றே பவுடர் இருக்கிறது, தேவையென்றால் டயட்டீஷியன் எழுதித் தருவார். ஆனால் புரதம் வேண்டும் என்று அவன் சொல்வது சரிதான். கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 60 முதல் 72 கிராம். நம் இட்லி, சோறு, ரசத்தில் இது வரவே வராது. ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் மூன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது, பாஸ்பரஸ் மிகக் குறைவு. நாளைக்கு மூன்று வெள்ளைக்கரு, ஒரு வேளை மீனோ கோழியோ என்று ஆரம்பித்து, மாதாந்திர ரிப்போர்ட்டைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரை எழுதியிருந்தால் அதைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும், பிறகு போட்டால் வீண்.

வீட்டுக்கு வந்து சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி சேவையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துக் கேளுங்கள். டயாலிசிஸ் நோயாளி, எந்தக் கையில் ஃபிஸ்டுலா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாமியாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. தினமும் காலையில், பிறகு பயிற்சி முடிந்ததும், தன் மகனின் இடது கை ஃபிஸ்டுலா மேல் விரலை லேசாக வைத்துப் பார்க்கட்டும். பூனையின் கழுத்தில் கை வைத்தால் வருமே, அந்த மாதிரி 'கிர்ர்' என்று ஓர் அதிர்வு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அன்றைக்கே, இரவானாலும், டயாலிசிஸ் மையத்துக்குப் போன் செய்யுங்கள்.