நம்பிக்கையை எப்படி வரைவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஓவியம் படிக்கும் மாணவி. ‘நம்பிக்கை’ என்ற சொல்லை எழுத்தே இல்லாமல் படமாக்கச் சொன்னார்கள். பாறை வெடிப்பில் ஒரு முளை, உதிக்கும் சூரியன், உள்ளங்கையில் ஏந்திய சிறு விளக்கு என்று மூன்று வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் சட்டென்று ‘நம்பிக்கை’ என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒருவர்கூடத் திரும்பப் பார்க்கவில்லை. எனக்கே அவற்றில் உயிர் இல்லை என்று படுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சின்னங்கள் இல்லாமல் வரைய முடியுமா? படத்துக்குத் தலைப்பு வைத்தால் தோற்றுவிட்டோம் என்று அர்த்தமா?

க.

அன்புள்ள க,

ஒருவர்கூடத் திரும்பப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தீர்களே, அது பெரிய விஷயம். முளையும் சூரியனும் படமாக இருந்தாலும் சொற்களாகத்தான் வேலை செய்கின்றன. எதிரே நிற்பவர் அவற்றைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

முதலில் எந்த நம்பிக்கை என்று முடிவு செய்யுங்கள். தமிழில் இந்தச் சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது. ‘அவள்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது’ என்றால் அங்கே இரண்டு பேர். ‘பிழைத்துவிடுவேன் என்ற நம்பிக்கை இருக்கிறது’ என்றால் ஒரே ஆள், எதிரே இன்னும் விடியாத ஒரு நாள். இரண்டையும் ஒரே படத்தில் அடைக்கப் பார்த்தால் சூரியன்தான் வரும்.

இரண்டாவது வகையை ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ் 1886இல் வரைந்தார். கண் கட்டப்பட்ட ஒரு பெண் உருண்டை ஒன்றின்மேல் குறுகி உட்கார்ந்திருக்கிறாள். கையில் யாழ். நரம்பெல்லாம் அறுந்து ஒன்றே ஒன்று மிச்சம். அதன் ஓசையைக் கேட்கத் தலையைச் சாய்த்துக் காதைக் கொண்டுபோகிறாள். தலைப்பை மறைத்துவிட்டுக் காட்டினால் பலர் இதைத் துயரம் என்றே சொல்லக்கூடும். தலைப்பு ‘ஹோப்’, அதாவது நம்பிக்கை. அதைப் படித்த பிறகுதான் நம் கண் அந்த ஒற்றை நரம்புக்குப் போகிறது. உங்கள் கடைசிக் கேள்விக்கு இதுவே என் பதில்: தாராளமாகத் தலைப்பு வையுங்கள். படம் ஏற்கெனவே சொன்னதையே அது திருப்பிச் சொன்னால்தான் வீண்.

இன்னொரு படைப்பையும் சொல்லியாக வேண்டும். அதை நினைக்காமல் இந்தப் பேச்சை என்னால் பேச முடியாது. ஜெர்மானியப் பெண் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் மகன் பீட்டர் 1914 அக்டோபரில், பதினெட்டு வயதில், முதல் உலகப் போரின் போர்முனையில் இறந்தான். அவனுக்கு நினைவுச்சிற்பம் செய்யத் தொடங்கினார் கோல்விட்ஸ். முதலில் நினைத்தது, கிடத்தப்பட்ட மகனின் உடலும் அருகே பெற்றோரும். அது சரிவரவில்லை, கைவிட்டார். பெல்ஜியத்தில் கல்லறைத் தோட்டத்தில் சிற்பம் நிறுவப்பட்டது 1932இல். அதில் மகன் இல்லை. தாயும் தகப்பனும் தனித்தனிப் பீடங்களில் மண்டியிட்டிருக்கிறார்கள். தகப்பன் தன் கைகளால் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். தாய் குனிந்துவிட்டார். இருவருக்கும் நடுவே வெற்றிடம். இழப்பு என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான உருவம் எனக்குத் தெரியாது. அதை அடைய அவருக்குப் பதினேழு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உங்களுக்கு மூன்று படத்தில் கைகூடவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள்.

ஆகவே பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பிடியுங்கள். நம்புகிறவர் உடம்பால் என்ன செய்கிறார்? பார்வையற்ற ஒருவர் இன்னொருவர் தோளில் கைவைத்து நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் துணியைக் கசக்கிப் பிடித்து, நகம் வெளுத்திருந்தால் அது பயம். அதே கை, அதே தோள், விரல்கள் மட்டும் தளர்ந்து சும்மா கிடந்தால் நம்பிக்கை. இரண்டுக்கும் நடுவே நாலைந்து கோடுகள்தான் வித்தியாசம். அந்தக் கோடுகளைத் தேடித்தான் மாதக்கணக்காக வரைய வேண்டியிருக்கிறது.

உங்கள் மூன்றாவது படத்தில் ஒரு கை இருக்கிறதே. விளக்கை அழித்துவிட்டு அந்தக் கையை மட்டும் இருபது முறை வரைந்து பாருங்கள். காற்றுக்கு எதிராக விரல்கள் எப்படி மடிகின்றன, சூடு தாங்காமல் எந்த விரல் விலகுகிறது என்று பார்த்து வரையுங்கள். வரைந்ததை எனக்கும் அனுப்புங்கள்.