ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர்: பள்ளிக்குப் பதிலாக இது போதுமா?

பள்ளிக்கு அனுப்பாமல், ஒரே ஒரு வழிகாட்டியை வைத்து இலக்கியம், வரலாறு, கணிதம், அறிவியல் எல்லாவற்றையும் முழுநேரமாகச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். என் அண்ணன் மகளுக்குக் கணக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் பிள்ளையின் உலகம் அந்த ஒருவரோடு நின்றுவிடக் கூடாது.

பிள்ளை கேட்கும் கேள்வியின் பின்னாலேயே போக நேரம் கிடைக்கிறது; பெரிய பலன் அதுதான். சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை படித்துக்கொண்டிருந்தோம். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம், அரசியின் சிலம்பில் முத்து. "அத்தை, முதல்லயே உடைச்சுப் பார்த்திருந்தா கோவலன் செத்திருக்க மாட்டானே? ராஜா ஏன் விசாரிக்கல?" என்றாள். சாட்சி, விசாரணை, மரண தண்டனை என்று பேச்சு போனது. அப்புறம் முத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். வரைபடத்தை விரித்து, பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கையைத் தேடினோம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பில், பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை ஈடுபடுத்தினார்கள் என்று வருகிறது. அதைச் சொன்னதும், "அவங்களையாவது சரியா விசாரிச்சிருப்பாங்களா?" என்றாள். நாற்பது நிமிடத்தில் மணி அடித்திருந்தால் அந்தக் கேள்வி வரை போயிருக்கவே மாட்டோம்.

தனியாகச் சொல்லிக் கொடுத்தால் சராசரி மாணவர்கூட வகுப்பில் படிப்பவர்களில் 98 சதவீதம் பேரை முந்துவார் என்று 1984-ல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் எழுதியதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு வித்தியாசம் வரவில்லை. அந்த எண்ணை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் இளமையைப் படித்துப் பாருங்கள். அப்பா ஜேம்ஸ் மில் அவரைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. 3 வயதில் கிரேக்கம், 8 வயதில் லத்தீன். அப்பா இந்திய வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த அதே மேசையில் பையனும் உட்கார்ந்து படிப்பான். கிரேக்கச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள் தரும் அகராதி அப்போது இல்லாததால், தெரியாத சொல்லுக்கெல்லாம் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். பொறுமையே இல்லாத அந்த மனிதர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. ஆனால் மற்ற பையன்களோடு பழகவிடவில்லை. 1826-ல், 20 வயதில், மகன் கடுமையான மனச்சோர்வில் விழுந்தார். வேர்ட்ஸ்வர்த்தின் கவிதைகள் தனக்கு மருந்தாக இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அதனால்தான் கணக்குக்கு எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் அனுப்புகிறோம். சாயங்காலம் கோ-கோ விளையாடப் போவாள். என்னோடு சண்டை போட்டால் போய்ச் சொல்ல அவளுக்கு வேறு பெரியவர்களும் தோழிகளும் வேண்டும்.

செலவையும் யோசியுங்கள். இதற்காக நான் வேலையை விட்டேன்; ஒரு சம்பளம் போனது. எல்லா வீட்டுக்கும் இது கட்டுப்படியாகாது.

சான்றிதழுக்கு தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஐந்து பாடங்கள், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும், கணக்கு கட்டாயமில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் பிரித்துப் பிரித்தும் எழுதி முடிக்கலாம். ஓவியமும் உளவியலும்கூடப் பாடப் பட்டியலில் உண்டு. ஓவியம் எடுக்கப் போவதாக இவள் இப்போதே சொல்லிவிட்டாள்.