சும்மா இருக்கும் கை

வணக்கம் சார்,

சிட்னியில் பாரமட்டா பக்கம் எட்டு வருடமாக இருக்கிறோம். பன்னிரண்டு வயது மகன் பள்ளி நண்பர்களோடு ரக்பி லீக் ஆடுகிறான். போன சனிக்கிழமை, பந்தோடு ஓடிவந்த எதிரணிப் பையனை டாக்கிள் செய்ய, அதாவது மடக்கிக் கீழே வீழ்த்தப் போனான். அவன் முழங்கையை முன்னால் நீட்டி இவன் தாடையில் இடித்துவிட்டான். நடுவர் கண்டுகொள்ளவில்லை. மற்ற அப்பாக்களைக் கேட்டால் "பையன் வேகமாக ஓடினான், அவ்வளவுதான்" என்கிறார்கள். அந்தத் தீவுக்காரப் பையன்கள் எல்லாம் மலை மாதிரி இருக்கிறார்கள். ஆபீஸிலும் இதே வாக்குவாதம். டாக்கிள் செய்பவர் கை கழுத்துக்கு மேலே போனால் பெனால்டி, பந்து வைத்திருப்பவர் இடித்தால் மட்டும் ஆட்டமா? மகன் இரண்டு நாளாகத் தயிர்சாதம் மட்டும்தான் சாப்பிடுகிறான். இவனைக் கிரிக்கெட்டுக்கு மாற்றிவிடலாமா? வீடியோ அனுப்பியிருக்கிறேன், நாலாவது நிமிடத்திலிருந்து பாருங்கள். நீங்களும் சிட்னியில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ரா.

அன்புள்ள ரா.,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டாக்டர் என்ற வார்த்தையைத் தேடினேன், இல்லை. நடுவர் இருக்கிறார், மற்ற அப்பாக்கள் இருக்கிறார்கள், உங்கள் ஆபீஸே இருக்கிறது. டாக்டர் இல்லை. தாடையில் விழுந்த அடி தாடையோடு நிற்பதில்லை ஐயா. தலை சட்டென்று திரும்பும்போது உள்ளே மூளை குலுங்குகிறது. நினைவு தப்பி விழுந்தால்தான் மூளையதிர்ச்சி என்றில்லை. இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். மூளையதிர்ச்சி என்று சொன்னால், அந்த ஊர் வழிகாட்டுதல்படி குறைந்தது 21 நாள் போட்டி கிடையாது. அதிலும் தலைவலி, மயக்கம் எல்லாம் நின்று 14 நாள் ஆன பிறகுதான் மோதல் உள்ள பயிற்சியே. பையன் அழுவான், அழட்டும். பாவம், வலியை உங்களிடம் சொல்லாமல் தயிர்சாதத்திடம் சொல்லியிருக்கிறான்.

அடுத்தது அந்த "தீவுக்காரப் பையன்கள்". இதை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். டோங்கா, சமோவா போன்ற பசிபிக் தீவு, மாவோரி வம்சாவளியினர் என்.ஆர்.எல். என்ற முதல்தர லீக் போட்டியின் வீரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். அந்த ஆட்டத்தை இன்றைக்குத் தோளில் தாங்குகிறவர்கள் அவர்கள். நாளைக்கு உங்கள் மகனுக்கு தேர்வு வைத்துச் சேர்க்கும் செலக்டிவ் பள்ளியில் இடம் கிடைத்தால், "இந்த இந்தியப் பையன்கள் எல்லாம் டியூஷன் மிஷின்" என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்வார்கள். அன்றைக்கு உங்கள் வயிறு எப்படி எரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

கிரிக்கெட்டா லீக்கா என்பதைப் பையனிடம் கேளுங்கள். எனக்குத் தெரியாது. அங்கேயும் பந்து கல் மாதிரிதான் இருக்கும்.

சரி, உங்கள் ஆபீஸ் வாக்குவாதத்துக்கு வருகிறேன். அதுதான் ரொம்ப நாளாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. 2021 மே மாதம் பிரிஸ்பேனில் எல்லா அணிகளும் ஒரே மைதானத்தில் ஆடிய மேஜிக் ரவுண்டில், தலையில் கை பட்டாலே நடுவர்கள் ஆளை வெளியே அனுப்பினார்கள். "ஆட்டமே செத்துப்போச்சு" என்று ரசிகர்கள் கத்தினார்கள். அந்தக் கூச்சலை விடுங்கள், நியாயம் நடுவர்கள் பக்கம்தான். பழைய லீக் வீரர் ஸ்டீவ் ஃபோக்ஸ் 2018ல் 59 வயதில் இறந்தார். அவர் மூளையைச் சோதித்தபோது, தொடர்ந்து அடிபடுவதால் வரும் சிடிஇ என்ற நோய் இருந்தது. பிரிஸ்பேன் மைதானத்தின் பேரில் 'லாங் பார்க்கின் ராஜா' என்று குவீன்ஸ்லாந்தே கொண்டாடிய லீக் வீரர் வாலி லூயிஸ், தனக்கும் அது இருக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னதாக 2023ல் வெளியே சொன்னார். ஆட்டம் செத்துப்போச்சு என்று சொல்ல அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாரம் கண்காணிப்பு முழுக்க ஒரு பக்கம்தான், டாக்கிள் செய்பவர் பக்கம். இந்த ஆட்டத்தின் விதிப் புத்தகம் அப்படி. டாக்கிள் செய்யும்போது எதிராளியின் தலையிலோ கழுத்திலோ வேண்டுமென்றோ, துணிந்தோ, கவனக்குறைவாகவோ பட்டால் குற்றம் என்று தெளிவாகத் தனி வரி எழுதிவைத்திருக்கிறார்கள். பந்து கொண்டுபோகிறவருக்கு அப்படி ஒரு வரியை நான் படித்த புத்தகத்தில் பார்க்கவில்லை. அடிக்கக்கூடாது, உதைக்கக்கூடாது என்கிற பொதுச் சட்டத்துக்குள் அவரும் அடக்கம், அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தின் இலக்கணத்தில் அவர் செயப்படுபொருள். எழுவாய் எப்போதும் எதிரே நிற்பவர்.

நடப்பது அதுவா? ஒவ்வொரு டாக்கிளுக்கும் பிறகு தடுக்கும் அணி பத்து மீட்டர் பின்வாங்க வேண்டும். அந்தப் பத்து மீட்டரிலும் வேகம் எடுக்கிறவர் பந்து வைத்திருப்பவர். எந்தக் கோட்டில் வருவது, யாருடைய எந்தத் தோளை நோக்கி வருவது, எப்போது குனிவது எல்லாம் அவர் முடிவு. ரக்பி யூனியனில் செய்த ஒரு பெரிய ஆய்வில், டாக்கிளின்போது ஏற்பட்ட தலைக் காயங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி டாக்கிள் செய்தவருக்கே என்று கண்டார்கள். அது பங்காளி ஆட்டம்தான், ஆனாலும் இங்கே கதை ரொம்ப மாறிவிடாது. தலையைத் தப்பான பக்கம் வைத்ததால் வாங்கிக்கட்டிக்கொள்வது உண்டு. அந்தக் கையால் வாங்குவதும் உண்டு.

கையைப் பற்றித்தான் பேச வேண்டும். பந்து ஒரு கக்கத்தில் இருக்கிறது. மற்ற கை சும்மா இருக்கிறது. உள்ளங்கையை விரித்து எதிராளியைத் தள்ளலாம், முகத்தில் பட்டாலும் பரவாயில்லை, அது அழகான கலை. ஆனால் அந்தக் கை மடங்கி, முழங்கை முன்னால் வந்து, மார்புக்குக் குறுக்கே கதவுத் தாழ்ப்பாள் மாதிரி நிற்கும்போது? "மோதலுக்கு உடம்பைத் தயார் செய்கிறார்" என்பார்கள் வர்ணனையாளர்கள். தயார் செய்வது தப்பில்லை. கை மார்போடு ஒட்டியிருந்தால் தயார். கடைசி அடியில் மார்பை விட்டு ஒரு சாண் வெளியே வந்தால் அது அடி. இந்த ஒரு சாணைத்தான் நடுவர் பார்க்க வேண்டும். இப்போது சில நாள் பார்க்கிறார்கள், பெனால்டியும் உண்டு. சில நாள் "நல்லா ஓடினான்பா" என்று விட்டுவிடுகிறார்கள். கால் விஷயமும் இப்படித்தான். 2013ல் மெல்போர்ன் அணியின் பில்லி ஸ்லேட்டர் உயரப் பந்தைப் பிடிக்க எகிறியபோது நீட்டிய கால் எதிரணி டேவிட் க்ளெம்மரின் முகத்தில் விழுந்தது. காற்றில் இருப்பவரைத் தொடக்கூடாது என்று சட்டம் அவரைக் காப்பாற்றுகிறது. அவர் காலிலிருந்து மற்றவரை யார் காப்பாற்றுவது என்று அதற்கப்புறம்தான் எல்லோரும் பேசினார்கள்.

இந்தக் கையை எனக்கு ஒன்பது வயதிலிருந்து தெரியும். சென்னையில் கொத்தவால் சாவடி, மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போவதற்குப் பல வருடம் முன்னால். அப்பாவோடு போயிருந்தேன். தலையில் கோஸ் மூட்டையோடு ஒருவர் "ஓரம், ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். ஒரு கை மூட்டை வாயைப் பிடித்திருந்தது. மற்ற கை என் வாயில் இடித்தது. முன்பல் ஓரம் உடைந்து நாக்கில் கிடந்தது, உப்பாக. மண்டிக்காரர் அப்பாவைத்தான் திட்டினார். "சுமைக்காரன் வர்ற வழியில புள்ளைய ஏன் சாமி நிறுத்துறே?" வீட்டுக்கு வந்தால் பாட்டியும் அதையே சொன்னாள். சுமை தூக்குகிறவனுக்கு உலகமே ஒதுங்க வேண்டும், ஒதுங்காதவன்தான் தப்பு.

அப்பா யாரையும் எதிர்த்துப் பேசாதவர். ஆனால் அடுத்த வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு போய், டீ குடித்துக்கொண்டிருந்த அந்த ஆளிடம் மெதுவாகக் கேட்டார்: "இன்னொரு கை சும்மாதானே இருந்துது?" அவர் கோபப்படவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நடந்து காட்டினார். "இடுப்புல வெச்சும் போலாம் சாமி. ஆனா எவன் வழி விடறான்?" அப்புறம் என் மோவாயைத் தூக்கிப் பல்லைப் பார்த்து, "வுடு, மொளைச்சிரும்" என்றார். முளைக்கவில்லை.

லீக்கை உண்டாக்கியதும் இப்படிப்பட்ட ஆட்கள்தான். 1895 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்தி கிளப்புகள் ரக்பி யூனியனிலிருந்து பிரிந்து வந்தன. காரணம் கூலி. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலைக்கு லீவு போட்டு ஆட வருகிறவர்களுக்கு இழந்த சம்பளத்தை ஈடுகட்ட மாட்டோம் என்றார்கள் யூனியனை நடத்திய கனவான்கள். ஆகவே இந்த ஆட்டத்தில் சுமை கொண்டுபோகிறவர் மீது எனக்கு இயல்பாகவே பாசம் அதிகம். அந்தப் பாசத்தோடுதான் சொல்கிறேன், இடுப்பில் வைத்தும் போகலாம்.

கடைசியாக, வீடியோ. நாலாவது நிமிடத்திலிருந்து பார்க்கச் சொன்னீர்கள். நான் முதலிலிருந்து பார்த்தேன். ஒரு நிமிடம் பத்து நொடியில் உங்கள் மகனுக்குப் பந்து வருகிறது. வலது கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறான், நன்றாகவே ஓடுகிறான். இடது முழங்கை வெளியே வருகிறது. எதிரே நின்ற ஒல்லிப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். செல்போனுக்கு மிகப் பக்கத்தில் ஒரு குரல் தமிழில் கத்துகிறது: "சூப்பர்டா கண்ணா, ஓடு, ஓடு!"